7:12 வண்டி எங்கே போச்சு? (வார நாள் புது அட்டவணை)

பின்சீட்டு | திங்கள், இரவு 9:40

இன்னைக்குக் காலையில 7:08-க்கு பஸ் டெர்மினஸ் போனேன். கம்பத்துல புதுத் தாள் ஒட்டியிருக்காங்க. பசைகூடக் காயல, ஓரத்தைத் தொட்டா விரல்ல பிசுபிசுங்குது. மேல "திங்கள் முதல் வெள்ளி வரை"ன்னு போட்டு கீழ 6:40, 7:00, 7:20, 7:40, 8:00. என் 7:12-ஐக் காணோம்.

பழசு 6:40, 6:56, 7:12, 7:28, 7:44, 8:00. அதாவது 16 நிமிஷத்துக்கு ஒண்ணு. இப்ப 20 நிமிஷத்துக்கு ஒண்ணு. நான் ரயில் நிலையத்துல 7:58 ரயிலைப் பிடிக்கணும். 7:20-ல ஏறினா 8:05-க்குத்தான் இறக்கிவிடுது, ரயில் போயிருக்கும். 7:00-ல ஏறினா 7:45-க்கே போய் 13 நிமிஷம் பிளாட்பாரத்துல நிக்கணும். காலையில 12 நிமிஷத் தூக்கம்னா என்னன்னு இதைப் போட்ட ஆளுக்குத் தெரியுமா?

7:12-ஐத் திருப்பிக் கொடுங்கன்னு மனு எழுதப் போறேன். யார் யார் கையெழுத்துப் போடுறீங்க?

---

கடுகு | திங்கள், இரவு 9:52

கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒரு கேள்வி. 7:12 என்னைக்கு 7:12-க்கு வந்துச்சு?

---

பின்சீட்டு | திங்கள், இரவு 9:58

சரி, வரல. சில நாள் 7:14, சில நாள் 7:25. வாரத்துல மூணு நாள் ஓடிப்போய் ரயிலைப் பிடிச்சிடுவேன், ரெண்டு நாள் கோட்டை விடுவேன். இருந்தாலும் தாள்ல இருந்துச்சுல்ல?

---

மாடிப்படி | திங்கள், இரவு 10:15

காலை கதையை விடுங்க, சாயங்காலத்தைப் பாத்தீங்களா? எனக்கு ரயில் 6:04, 6:24, 6:44-ன்னு வருது. புதுத் தாள்ல ஸ்டேஷன்ல இருந்து வண்டி 6:06, 6:26, 6:46. கேட்டா ரெண்டு நிமிஷம் இருக்கேம்பாங்க. மேம்பாலம் ஏறி இறங்க எனக்கு நாலு நிமிஷம் ஆகுது. பாலத்துல கடைசிப் படி இறங்கும்போது வண்டியோட பின்பக்கச் சிவப்பு விளக்கு ரெண்டும் வளைவுல திரும்புறதைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். இருந்து பாத்துட்டுப் போன மாதிரி இருக்கு.

---

பழைய டைம்கீப்பர் | செவ்வாய், காலை 6:20

தம்பி, நான் ரெண்டு டெர்மினஸ்ல டைம்கீப்பரா ஜன்னல்ல உக்காந்து நடை எழுதினவன். இப்ப ஓய்வு. உங்க மனுவுக்கு முன்னாடி ஒரு கணக்கைச் சொல்லிடுறேன். அதுக்கப்புறமும் கோபம் இருந்தா நானும் கையெழுத்துப் போடுறேன்.

அட்டவணையைப் பயணி படிக்கிறது மேல இருந்து கீழ. நாங்க படிக்கிறது சுத்து. ஒரு வண்டி இங்க கிளம்பி, ஸ்டேஷன் போய், நின்னு, திரும்பி வந்து, மறுபடி நின்னு, அடுத்த நடைக்குக் கிளம்பற வரைக்கும் எவ்வளவு நேரம்? அதைக் கையில இருக்கிற வண்டி எண்ணிக்கையால வகுத்தா வர்றதுதான் இடைவெளி. மத்தது எல்லாம் அலங்காரம்.

உங்க பழைய தாளைப் போட்டப்ப போக 38, வர 32, ரெண்டு முனையிலயும் அஞ்சஞ்சு நிமிஷம் நிறுத்தம். மொத்தம் 80. வண்டி அஞ்சு. 80-ஐ அஞ்சால வகுத்தா 16. தாள்ல அழகா இருந்துச்சு. இப்ப அந்த ரோட்டுல காலை நெரிசல்ல போக 45, வர 37 ஆகுது. அதுவே 82. டிரைவர் இறங்கிக் காலை நீட்டாம, தண்ணி குடிக்காம ஓட்டினாக்கூட 80-க்குள்ள அடங்காது. அப்ப என்ன ஆகும்? முதல் நடை சரியாப் போகும், ரெண்டாவது நடை தாமதம், மூணாவது இன்னும் தாமதம், நாலாவதை ரத்து பண்ணிட்டு வண்டியைப் பாதியில திருப்பி அனுப்புவோம். உங்க 7:12 பல நாள் அப்படித்தான் செத்திருக்கும். நானே சில நடைக்கு மேல சிவப்பு மையில கோடு போட்டிருக்கேன்.

புதுத் தாள்ல போக 45, வர 37, ரெண்டு முனையிலயும் ஒன்பது ஒன்பது. மொத்தம் 100. அதே அஞ்சு வண்டி. 20. வண்டியை யாரும் பிடுங்கலை, தம்பி. பொய்யைத்தான் பிடுங்கியிருக்காங்க.

---

கடுகு | செவ்வாய், காலை 8:31

ஐயா, ஒன்பது நிமிஷம் சும்மா நிக்கிறதுக்கா? ஸ்டாண்டுல எஞ்சினை அணைச்சிட்டு நிக்கிற வண்டியைப் பாத்தாலே வயிறு எரியுது. அதை எடுத்து ஓட்டலாம்ல?

---

பழைய டைம்கீப்பர் | செவ்வாய், காலை 9:05

எல்லாரும் கேக்கிற கேள்விதான். அந்த ஒன்பது நிமிஷம் டிரைவருக்கு மட்டும் இல்ல, அட்டவணைக்கும்தான். வழியில ஏழு நிமிஷம் தாமதமானா அங்க விழுங்கிடும், அடுத்த நடை நேரத்துக்குக் கிளம்பும். அந்த நிமிஷத்தை எடுத்தீங்கன்னா காலைல ஏற்பட்ட தாமதம் ராத்திரி கடைசி நடை வரைக்கும் கூடவே வரும். சும்மா நிக்கிற வண்டின்னு நினைக்காதீங்க. இன்னொரு ஸ்டாப்புல நிக்கிற ஆளு சும்மா நிக்காம இருக்கத்தான் அது நிக்குது.

---

கணக்கு வாத்தி | செவ்வாய், இரவு 8:10

ஐயா சொன்னதுக்கு ஒரு எண் தரட்டுமா? திடீர்னு ஸ்டாப்புக்கு வர்ற ஆளு சராசரியா எவ்வளவு காத்திருப்பாரு? 16 நிமிஷ இடைவெளின்னா எட்டுன்னுதான் சொல்லத் தோணும். அது வண்டிகள் சம இடைவெளியில வந்தா மட்டும்தான்.

நிஜத்துல ஒண்ணு 4 நிமிஷத்துல, அடுத்தது 28 நிமிஷத்துல வருதுன்னு வையுங்க. சராசரி இடைவெளி அதே 16-தான், ஆபீஸ் அறிக்கையில ஒரு குறையும் தெரியாது. ஆனா நீங்க ஸ்டாப்புக்கு வர்ற நேரம் 28 நிமிஷ ஓட்டைக்குள்ள விழற வாய்ப்பு 4 நிமிஷத்துல விழறதைவிட ஏழு மடங்கு. இடைவெளிகளோட வர்க்கத்தைக் கூட்டி, இடைவெளிக் கூட்டலோட ரெண்டு மடங்கால வகுத்தா சராசரி காத்திருப்பு வரும். 16 + 784 = 800. கீழ 64. விடை 12.5 நிமிஷம்.

இப்ப புதுத் தாள். 20 நிமிஷம் சொன்னபடி வந்தா சராசரி 10. தாள்ல குறைஞ்ச வண்டி, ஸ்டாப்புல குறைஞ்ச காத்திருப்பு. முதல்ல எனக்கே நம்பிக்கை வரல, ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன்.

வண்டிகள் ஏன் கொத்தா வருதுங்கிறதுக்கும் பழைய ஆராய்ச்சி இருக்கு. 1964-ல நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேர் எழுதினாங்க. ஒரு வண்டி கொஞ்சம் தாமதமானா அடுத்த ஸ்டாப்புல அதிகம் பேர் சேந்திருப்பாங்க. ஏத்த நேரம் ஆகும், இன்னும் தாமதம். பின்னால வர்ற வண்டிக்கு ஆளே இல்ல, வேகமா வந்து முன்னாடி வண்டியோட பின்பக்கத்துல ஒட்டிக்கும். யார் தப்பும் இல்லாம நடக்கிற தப்பு இது. சமன் செய்ய வழக்கமான வழி எங்கேயாவது நிறுத்தி வைக்கிறது. 2012-ல பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன்னு ரெண்டு பேர் நேர அட்டவணையையே தூக்கிட்டு, முனையில பின்னால வர்ற வண்டியோட தூரத்தைப் பாத்து எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு முடிவு பண்ணற முறையைச் சொன்னாங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகத்துல ஓடற வண்டியில முயன்றும் பாத்தாங்க. பத்து நிமிஷத்துக்கும் குறைவான இடைவெளின்னா அது நல்ல யோசனை. நமக்கு 20, அதனால தாள் வேணும்.

---

பின்சீட்டு | செவ்வாய், இரவு 8:40

சார், கணக்கு அருமை. ஆனா நான் திடீர்னு வர்ற ஆளு இல்லையே! நான் நேரம் பாத்து, சட்டை இஸ்திரி போட்டு, மூணு நிமிஷம் முன்னால போய் நிக்கிறவன்.

---

கணக்கு வாத்தி | செவ்வாய், இரவு 8:52

சரியாப் பிடிச்சீங்க. அந்த சூத்திரம் உங்களுக்குப் பொருந்தாது. உங்களை மாதிரி ஆளுக்கு முக்கியம் வேற. வண்டி நாலு நிமிஷம் தாமதமானா நீங்க நாலு நிமிஷம் கூட நிக்கிறீங்க. நீங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே போய்ட்டா இருபது நிமிஷம் நிக்கிறீங்க. முன்னாடி போறது பின்னாடி வர்றதைவிட எத்தனையோ மடங்கு பெரிய குத்தம்.

---

பழைய டைம்கீப்பர் | செவ்வாய், இரவு 9:15

ஆமாம். நான் வேலையில சேந்தப்ப மேல் ஆளு சொல்லிக்குடுத்த முதல் பாடம் அதுதான். லேட்டுக்குக் காரணம் கேளு, எர்லிக்கு மெமோ குடு.

---

வரைபடம் | புதன், காலை 10:02

என் போன்ல இன்னும் 7:12 காட்டுதுன்னு யாராவது குழம்பினீங்களா? நான் குழம்பி 12 நிமிஷம் நின்னேன், அதனால சொல்றேன்.

போன் ஆப்புங்க எல்லாம் பெரும்பாலும் ஜிடிஎப்எஸ்-ங்கிற ஒரே வடிவத்துல இருக்கிற கோப்புகளைத்தான் படிக்குது. 2005-ல கூகுளும் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் சேந்து ஆரம்பிச்சது. உள்ள போய்ப் பாத்தா ஒண்ணும் மாயம் இல்ல, காற்புள்ளி போட்டுப் பிரிச்ச சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு கோப்புல திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஏழு கட்டம், ஓடினா 1, ஓடலைன்னா 0. "வார நாள்"ங்கிறது கணினிக்கு 1,1,1,1,1,0,0. பக்கத்துல தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. கம்பத்துல தாளை மாத்தினவங்க இந்தக் கோப்பை இன்னும் மாத்தல, அதனால ஆப்புல 7:12 இன்னும் உயிரோட இருக்கு.

நடு ஸ்டாப்புல ஏறுறவங்களுக்கு இன்னொண்ணு. அட்டவணையில முழு நேரம் குறிக்கிறது நாலஞ்சு முக்கிய நிறுத்தத்துக்குத்தான். நடுவுல இருக்கிறதுக்கு ஆப் தானா பங்கு பிரிச்சுக் காட்டும். சிக்னல்ல நிக்கிறது, குறுகலான இடத்துல ஊர்றது அந்தப் பங்குல சேராது. அதனால நடு ஸ்டாப்புல "7:23" காட்டுதுன்னா அது வாக்குறுதி இல்ல, ஊகம். ரெண்டு நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க.

சும்மா ஒரு விஷயம், இந்தக் கோப்புல நள்ளிரவு தாண்டிப் போற நடைக்கு 25:10-ன்னு நேரம் எழுதலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புற வண்டி சனிக்கிழமை ஒரு மணிக்கு ஓடினாலும் அது வெள்ளிக்கிழமை வண்டிதான்னு கணக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

---

கடுகு | புதன், மதியம் 1:20

இன்னொரு வண்டி சேத்துட்டா எல்லாப் பிரச்சினையும் தீருமே, அதைக் கேக்காம என்னமோ சூத்திரம் போட்டுக்கிட்டு இருக்கீங்க. மத்தியானம் பாருங்க, இதே ரூட்டுல காலியா ஓட்டுறாங்க, ஏழு பேர்கூட இல்ல.

---

பழைய டைம்கீப்பர் | புதன், மதியம் 2:45

ஆறாவது வண்டி வந்தா 100-ஐ ஆறால வகுக்கணும். 16.67. நிமிஷக் கணக்குல 17. உங்க பழைய 16 அப்பவும் வராது. அதுக்கு ஏழு வண்டி வேணும். இது முதல் விஷயம்.

ரெண்டாவது, காலை ரெண்டு மணி நேரம், மாலை ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வண்டி சேக்கறதுன்னா அதுக்கு ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். அவங்களுக்கு ஸ்பிளிட் டியூட்டி போடணும். காலையில நாலு மணி நேரம், நடுவுல வீட்டுக்குப் போயும் போகாமலும் அஞ்சு மணி நேரம், மறுபடி நாலு மணி நேரம். யாரும் விரும்பிக் கேட்டு வாங்கற டியூட்டி இல்ல அது. டிப்போவுல இருந்து முதல் நடைக்கு வண்டி காலியா வரணும், முடிஞ்சதும் காலியாப் போகணும். அதுக்கும் டீசல் எரியும், நேரம் போகும், டிக்கெட் கிடையாது. நெரிசல் நேரத்துக்குச் சேக்கிற ஒரு வண்டி நாள் முழுக்க ஓடற வண்டியைவிட நடைக்கு நடை செலவு அதிகம். வெளியில தெரியாது.

---

கணக்கு வாத்தி | புதன், மாலை 6:30

17 நிமிஷம்னா 7:00, 7:17, 7:34, 7:51, 8:08. யாருக்கு மனசுல நிக்கும்? 20-ன்னா எந்த மணியா இருந்தாலும் அதே நிமிஷங்கள். சுவிட்சர்லாந்துல 1982-ல நாடு முழுக்க ரயிலை இந்த மாதிரி மணிக்கு மணி ஒரே நிமிஷத்துல வர்ற முறைக்கு மாத்தினாங்க. அதுல முக்கியமே சந்திப்பு. ஒரு வண்டி இன்னொண்ணுக்காக ஒரு தடவை சரியா அமைஞ்சிட்டா நாள் முழுக்க அமைஞ்சிடும். நம்ம ரயிலும் 20 நிமிஷத்துக்கு ஒண்ணு. பஸ்ஸும் இப்ப 20. பொருத்தம் வந்தாச்சு, முகூர்த்தம்தான் தப்பு.

காலி வண்டி பத்தி கடுகுக்கு ஒரு வார்த்தை. 1662-ல பாரிஸ்ல குறிச்ச தடத்துல, குறிச்ச நேரத்துல ஓடற குதிரை வண்டிச் சேவை ஆரம்பிச்சாங்க. யோசனை பிளேஸ் பாஸ்கலோடது, நம்ம பாடப் புத்தகத்து முக்கோணப் பாஸ்கல்தான். அதுல ஒரு விதி, ஆள் ஏறலைன்னாலும் நேரம் ஆனா வண்டி கிளம்பணும். ஆள் சேரட்டும்னு நின்னா அது வாடகை வண்டி. மத்தியானம் ஏழு பேரோட ஓடற வண்டியை நம்பித்தான் யாரோ காலையில சொந்த வண்டியை எடுக்காம வர்றாங்க.

---

மாடிப்படி | புதன், மாலை 7:12

முகூர்த்தம் தப்புன்னா? நேரத்தைத் தள்ளிப் போடலாம்ங்கிறீங்களா?

---

பழைய டைம்கீப்பர் | புதன், இரவு 8:00

வாத்தியார் சொல்லிட்டார், நான் தாள்ல போட்டே பாத்துட்டேன். எல்லா நடையையும் அஞ்சு நிமிஷம் தள்ளுங்க. காலையில 7:05 கிளம்பி 7:50-க்கு ஸ்டேஷன். 7:58 ரயிலுக்கு எட்டு நிமிஷம். சாயங்காலம் 6:04 ரயில்ல வர்ற அம்மாவுக்கு வண்டி 6:11. பாலம் நாலு நிமிஷம் போக மூணு மிச்சம். வண்டி கூட வேண்டாம், ஆள் கூட வேண்டாம், சுத்து அதே 100. டியூட்டி ஏறுற நேரம் அஞ்சு நிமிஷம் மாறும், அவ்வளவுதான். ஆபீஸ்ல ஒரு மனுவைப் பாத்ததும் முதல்ல கேக்கிறது "கூட வண்டி வேணுமா?" இதுக்கு வேண்டாம்னு பதில்.

---

வெள்ளைச்செருப்பு | புதன், இரவு 11:48

ரெண்டு நாளா படிச்சிட்டுச் சும்மா இருந்தேன், இப்ப சொல்லியே ஆகணும். எட்டு மணிக்கு நான் வார்டுல இருக்கணும். ராத்திரி டியூட்டி பாத்தவங்க ஒவ்வொரு கட்டிலாச் சொல்லி ஒப்படைச்சாதான் அவங்க கிளம்ப முடியும். ஸ்டேஷன்ல இருந்து நடந்தா எட்டு நிமிஷம். இப்ப 7:45-க்கு இறங்கினா 7:53, உடை மாத்தி ஓடினா சரி. நீங்க 7:50-க்குத் தள்ளினா 7:58-க்கு வாசல்ல நிப்பேன். அப்புறம் 6:45-ல வரணும். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டறது யாரு? உங்களுக்குப் பிளாட்பாரத்துல நிக்கிற 13 நிமிஷம் பெருசுன்னா எனக்கு இந்த அஞ்சு பெருசு.

---

பின்சீட்டு | வியாழன், காலை 7:49

சிஸ்டர், மன்னிச்சிடுங்க. இதை இப்ப பிளாட்பாரத்துல நின்னுதான் எழுதுறேன். உங்களை நான் தினமும் பாத்திருப்பேன்னு நினைக்கிறேன், இறங்கினதும் வலப்பக்கம் வேகமாப் போறவங்கள்ல ஒருத்தர்.

எத்தனை நிமிஷம் தாங்குவீங்க?

---

வெள்ளைச்செருப்பு | வியாழன், மதியம் 3:05

மூணு. அதுக்கு மேல முடியாது. அதுவும் வண்டி 7:48-க்கு உண்மையா வந்தா.

---

கணக்கு வாத்தி | வியாழன், மதியம் 3:30

மூணு தள்ளினா: காலை ரயிலுக்குப் பத்து நிமிஷம். மாலை 6:04 ரயிலுக்கு 6:09 வண்டி, பாலம் போக ஒரு நிமிஷம் மிச்சம். மாடிப்படி?

---

மாடிப்படி | வியாழன், மதியம் 3:41

முழங்காலைக் கேட்டுச் சொல்றேன்.

---

மாடிப்படி | வியாழன், மாலை 6:31

இன்னைக்குக் கடிகாரம் வெச்சுப் பாத்தேன். மூணு நிமிஷம் 50 வினாடி, நடுவுல ஒரு தாத்தா மூட்டையோட ஏறினார், அவருக்குப் பின்னால. சரி. மூணே கேளுங்க.

---

பழைய டைம்கீப்பர் | வியாழன், இரவு 9:00

மனு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நேரம் குறிங்க தம்பி. தாள்ல என்ன போட்டிருக்கு, நிஜத்துல எப்ப கிளம்புச்சு, எப்ப சேந்துச்சு, மூணு கட்டம். "எப்பவும் லேட்டு"ன்னு எழுதினா குப்பைத்தொட்டி. தேதி, நேரம் போட்டு எழுதினா பதில் எழுதியே ஆகணும்.

---

பின்சீட்டு | அடுத்த வெள்ளி, இரவு 9:20

குறிச்சாச்சு. 7:00 வண்டி கிளம்பினது: திங்கள் 7:00, செவ்வாய் 7:01, புதன் 7:00, வியாழன் 6:58, வெள்ளி 7:02. ஸ்டேஷன் சேந்தது 7:44, 7:46, 7:43, 7:41 (இது மட்டும் கேட்டுக் குறிச்சது), 7:47.

வாயில வந்ததை விழுங்கிக்கிட்டு ஒத்துக்கிறேன். போன மாசம் இந்த அஞ்சு எண்ணும் இவ்வளவு பக்கத்துல பக்கத்துல இருந்ததே இல்ல.

ஆனா வியாழன் 6:58! நான் சந்து முனையில வரும்போதே நகந்துடுச்சு, கையைக் காட்டினேன், கண்ணாடியில பாத்தாரா இல்லையான்னு தெரியல. அன்னைக்கு 7:20-லதான் போனேன்.

மனுவுல ரெண்டே வரி. எல்லா வார நாள் நடையும் மூணு நிமிஷம் தள்ளணும். நேரத்துக்கு முன்னாடி எந்த வண்டியும் கிளம்பக் கூடாது. 7:12 பத்தி ஒரு வார்த்தை எழுதல. கடுகு, கையெழுத்து?

---

கடுகு | வெள்ளி, இரவு 9:26

போட்டாச்சு. கூட ஒரு வண்டி வேணும்னு கீழ பென்சில்ல எழுதிக்கட்டுமா?

---

பழைய டைம்கீப்பர் | வெள்ளி, இரவு 9:31

எழுதக் கூடாது.

---

பின்சீட்டு | மூணு வாரம் கழிச்சு, திங்கள், காலை 7:06

வண்டிக்குள்ள இருந்து எழுதுறேன். கம்பத்துல புதுத் தாள். போன தாளை உரிக்காம அதுக்கு மேலேயே ஒட்டியிருக்காங்க, வெளிச்சத்துல பாத்தா அடியில 7:00 மங்கலாத் தெரியுது, மேல 7:03. மூணு கண்டக்டர் 7:03 ஆகட்டும்னு படியில நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. எங்க வண்டி 7:03-க்குத்தான் நகந்துச்சு.

---

வெள்ளைச்செருப்பு | திங்கள், காலை 8:40

7:49-க்கு இறங்கினேன். ஒரு நிமிஷம் கடன் வெச்சிருக்கேன், எழுதி வெச்சுக்கோங்க.

---

மாடிப்படி | திங்கள், மாலை 6:14

உள்ள உக்காந்திருக்கேன். ஜன்னல் சீட்டு.

---

வரைபடம் | திங்கள், மாலை 6:50

ஆப்புல இன்னும் 7:12-தான் காட்டுது.

---

கடுகு | திங்கள், இரவு 8:05

சனிக்கிழமைக்கும் இதே தாளா?

---

பின்சீட்டு | திங்கள், இரவு 8:11

இல்ல. சனிக்கிழமைக்கு வேற தாள், நாலு வண்டிதான். அதுக்குத் தனி இழை போடுங்க.